வாலைப் பொசுக்காத விதைகள்

மூடுபனி இறங்கும் காலைகளில் லியாந்த்ரோவின் உடம்பு தானாகவே தென்கிழக்கே, அவன் ஊர் மலை இருக்கும் பக்கம், திரும்பிக்கொள்ளும். வடக்கே பண்ணைகளில் செம்மறிக்கு மயிர் கத்தரித்துப் பிழைத்தவனுக்கு இது பெரிய தொந்தரவு. கூடவே ஆட்டையும் அல்லவா திருப்ப வேண்டியிருந்தது.

காரணம் அவன் பழங்குடியான குமியாய் மக்களுக்குப் புதிதல்ல. மலைச்சரிவுப் புதர்களுக்கிடையே குத்துக்குத்தாய் நிற்கும் ஊசிப்புல்லின் விதைக்கு நீண்ட வால் உண்டு. ஈரத்தில் முறுக்கவிழ்ந்தும் காய்ந்தால் முறுக்கிக்கொண்டும் அது விதையை மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். அதனால் வெளியூர் போகிறவனுக்கு வழியில் தின்ன அந்த விதையைக் கொடுக்கும்போது, வாலை நெருப்பில் பொசுக்கிய பிறகுதான் பையில் போடுவார்கள். அந்த வருஷம் அவன் மனைவி பெத்ரோனிலா பொசுக்கவில்லை. கத்தரிக்கப் போகிறவன் மழைக்காலத்தில்தான் திரும்புகிறான், ஒரு வருஷம் திரும்பாமலே இருந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை வெளியே சொல்லத் தெரியாமல், கோபத்தில் விதையை அப்படியே அள்ளி அவன் பையில் கொட்டிக் கட்டினாள்.

விதைகள் பையைத் துளைத்து அவன் சட்டைக்கு ஏறின. முளைத்த மண்ணைத் தேடிப் பனிக்குப் பனி திருகித் திருகி, கடைசியில் அவனை நடக்கவே வைத்துவிட்டன. நேராக நடக்க வரவில்லை. சுற்றிச் சுற்றியே வந்தான். வழியில் இரண்டு ஊர்களில் குடிகாரன் என்று விரட்டினார்கள். வீட்டு வாசலில் நின்றதும் பாதம் இரண்டும் கணுக்கால்வரை மண்ணில் இறங்கின.

"கஞ்சி இருக்கா புள்ள?"

"இருக்கு. வந்ததும் வராததுமா வாசல்ல குழி தோண்டுறியே, உள்ள வாயேன்."

"எங்க வர? எல்லாம் நீ பண்ணின வேலைதான்."

பெத்ரோனிலா மேசையை வெளியே போட்டாள். பக்கத்து வீட்டு சிப்ரியானோ தினமும் சீட்டாட வந்தான். "எந்திரிச்சு ஓட முடியாதவன்கிட்ட ஜெயிச்சு என்னய்யா பெருமை!" என்று கேலி செய்துவிட்டு, தோற்றுப் போவான். மழையில் லியாந்த்ரோ முழங்கால்வரை இறங்குவான், வெயிலில் கொஞ்சம் ஏறுவான்.

குளிர் முடிந்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துவந்தாள்.

"சட்டையில ஒட்டின வாலையெல்லாம் பொசுக்கிடறேன். அப்புறம் உன் இஷ்டம், எங்க வேணா போ."

அவன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் காட்டினான்.

"வழியெல்லாம் இது எங்கிட்டதான் இருந்துச்சு, புள்ள."

அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கொள்ளியை அடுப்புக்கே கொண்டுபோனாள், கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

கோடையில் அவன் காலைச் சுற்றி ஊசிப்புல் ஒரு குத்தாகக் கதிர்விட்டது. அவள் விதை கொய்து, வாலைப் பொசுக்கி, வறுத்து மாவாக்கினாள். மாவு நன்றாக இருந்தது என்றுதான் தின்றவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.