ஒரே முறை கேட்ட மருமகள்

எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் முறை கேட்கும்போது பெற்றுக்கொள்வது மார்லிஸின் வழக்கம். காப்பியானாலும் சரி, காரில் இடமானாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், அந்தப் பகுதியில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. கேட்பவர்களும் சலிக்காமல் மூன்று முறை கேட்பார்கள். முதல் இரண்டு மறுப்புகளையும், பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமிக்கொள்வதைப் போலத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்டு முழுவதும் நகரத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்த அவர், குழந்தைகள் இதழ் ஒன்றுக்கு விலங்குக் கதைகள் எழுதிவந்தார். கோடையில் ஒரு வாரம் தம்பி டெல்மரின் பண்ணைக்கு வருவார். வீட்டின் முன் தாழ்வாரத்தில் மேசை போட்டு எழுதுவார். அமைதியாக எழுதத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் உறவினர் எல்லோரும் கூடும் விருந்துக்காக. அந்த ஒரு நாளின் பேச்சும் சிரிப்பும்தான் அவருக்கு அடுத்த கோடைவரை துணை.

அன்று டெல்மர் அடுப்பு மூட்டுவதற்காக விடிந்ததுமே ஏரிக்குப் போய்விட்டார். அவருடைய மகன் லோரன் வண்டியில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வசந்தத்தில்தான் அவனை மணந்துகொண்டு தொலைதூர நகரமான பாஸ்டனிலிருந்து வந்திருந்த கார்லா தாழ்வாரத்துக்கு வந்தாள்.

"அத்தை, நீங்களும் வர்றீங்கதானே?"

"எனக்கு எதுக்கும்மா? நீங்க போய்ட்டு வாங்க. எழுத்து வேலை கெடக்கு."

இதைச் சொன்னபோது மார்லிஸ் தம் நல்ல நீலச் சட்டையை அணிந்திருந்தார். தொப்பியும் பக்கத்து நாற்காலியில் தயாராக இருந்தது.

"அப்ப சரி அத்தை, நிம்மதியா எழுதுங்க. நாயையும் கூட்டிட்டுப் போயிடுறோம். இருந்தா கொலச்சிக்கிட்டே இருக்கும்."

மார்லிஸ் அதிகாலையில் எழுந்து சுட்ட இனிப்பை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு கார்லா வண்டியில் ஏறினாள். சரளைச் சாலையில் எழுந்த புழுதி மக்காச்சோள வயலின் மேல் நெடுநேரம் நின்றது. இனிப்பு விருந்துக்குப் போய்விட்டது, சுட்டவர் போகவில்லை.

அமைதிக்குக் குறைவில்லை. சோளத் தோகைகள் ஒன்றோடொன்று உரசின. சமையலறைக் குளிர்பெட்டி முனகிவிட்டு நின்றது. மார்லிஸ் காகிதத்தை இழுத்து, வாரம் முழுவதும் முடியாமல் கிடந்த கதையைத் தொடர்ந்தார். தெற்கே புறப்படும் வாத்துக்கூட்டத்திடம் கிழவாத்து ஒன்று, 'நீங்கள் முன்னால் போங்கள், எனக்கு இந்தக் குளமே போதும்' என்கிறது. கூட்டமும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் பறந்துவிடுகிறது. குளம் உறையத் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தை நன்றியில்லாத கூட்டம் என்று எழுதினார், அடித்தார், மறுபடியும் எழுதினார்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வண்டியில் கடந்துபோனார். அந்தப் பகுதி வழக்கப்படி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னார். மார்லிஸும் பேனாவோடு விரலை உயர்த்தினார். புழுதி அடங்கிய பிறகும் அந்தக் கை சிறிது நேரம் மேலேயே இருந்தது.

பிற்பகலில் லோரனின் வண்டி திரும்பிவந்தது. கார்லா மட்டும் இறங்கினாள்.

"அத்தை, உங்கள விட்டுட்டுப் போனதுக்கு என்னைக் கொன்னுட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். 'ஒரு தடவ கேட்டியா? ஒரே ஒரு தடவயா? பாஸ்டன்ல வார்த்தைக்கு வரி போடுறாங்களா'ன்னு மாமா கேட்டாரு. அதுல ஒருத்தரு, 'லோரன்கிட்ட என்னைக் கட்டிக்கிறியான்னும் ஒரு தடவதான் கேட்டியா'ங்குறாரு."

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் இதமாகவும் இருந்தது. தம்மைத் தேடியிருக்கிறார்கள்!

"அப்புறம் யாரும் எங்கிட்டப் பேசல அத்தை. தட்டப் பாத்துக்கிட்டே சாப்ட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. எனக்கு அங்க யாரையும் தெரியாது. நீங்க வேண்டாம்னுதானே சொன்னீங்க? என் காதுல தப்பா விழுந்துச்சா?"

அவள் கண்கள் சிவந்திருப்பதை மார்லிஸ் அப்போதுதான் கவனித்தார். காலையிலிருந்து தனியாக இருந்தவர் தாம் ஒருவர் மட்டும் அல்லர் என்பது புரிந்தது. இந்தப் பெண் அத்தனை பேருக்கு நடுவில் தனியாக இருந்திருக்கிறாள்.

"உன் காது நல்லாத்தான் இருக்கு. கெளம்பு, போலாம்," என்றார்.

ஏரிக்கரையின் நீண்ட மேசை ஆரவாரித்தது. டெல்மர் இறைச்சிக் கரண்டியை உயர்த்தினார்.

"வா அக்கா! மருமக இப்ப எத்தன தடவ கேட்டா? எண்ணி வச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கார்லாவும் சிரிக்க முயன்றாள். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார், மார்லிஸ் உட்காரவில்லை. அத்தனை பேர் முன் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவர் அவர். ஆனாலும் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"சிரிக்காதடா டெல்மர். அவ என்னைக் கூப்பிட்டா. வேலை இருக்குன்னு பொய் சொன்னது நான். பெரியவ சொல்றாளேன்னு நம்பினா. அதுக்காடா அவள இந்தப் பாடு படுத்துறீங்க?"

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தார். மார்லிஸ் கார்லாவின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வரணும்னு ரொம்ப ஆசை இருந்துச்சும்மா. அத உங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லாம உன்னை இவங்க வாயில மாட்டிவிட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."