ஆளுக்கொரு மாத்திரை

தம்பிதுரையின் வலது கால் பெருவிரலை எடுப்பதா விடுவதா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் ஆஸ்பத்திரியில் வந்து உட்காரும்வரை அவர் மனைவி தெய்வாத்தாளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. மனுசன் என்னவோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி எல்லோரிடமும் ஊர் பேர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஃபஹீமா அவர் கால் கட்டைப் பிரித்தார். சர்க்கரைப் புண். பத்து நாளாகியும் சீழ் நிற்கவில்லை, சிவப்பு மேலே ஏறியிருந்தது.

"சீழ் டெஸ்ட்ல இந்த மாத்திரை கேக்கும்னுதான் வந்திருக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சரியாச் சாப்பிட்டீங்களா?"

"அட்டை காலியாயிருச்சுங்க," என்றார் தம்பிதுரை. அதில் பொய்யே கிடையாது.

"அப்போ விரலை எடுக்கறதைத் தவிர வேற வழி தெரியலைங்க."

தெய்வாத்தாள் புருசனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்க மாட்டார். திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியவளே அவள்தான். மெல்லச் செருப்பைக் கழற்றி, துணி சுற்றிய தன் இடது காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள்.

"இதுக்கும் அதே மாத்திரைதானுங்க," என்றாள்.

புருசன் விரல் பிழைக்க வேண்டுமென்று, மருந்து தொடங்கிய மறுநாளே வெறுங்காலோடு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு நடந்திருந்தாள். சித்திரை வெயில். அவளுக்கும் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி கம்மி. கொப்புளம் உடைந்ததே தெரியவில்லை; வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்து அவர்தான் கண்டுபிடித்தார். "மொதல்ல உங்க காலு ஆறட்டும்" என்று டாக்டரிடம் வர மறுத்துவிட்டாள். அவரா விடுவார்? "அப்ப ஆளுக்கொண்ணு" என்று தினமும் ஒன்றை அவள் வாயில் போட்ட பிறகுதான் மற்றதைத் தான் விழுங்கினார்.

இதையெல்லாம் கேட்டு டாக்டர் இருவரையும் திட்டித் தீர்த்தார். "அரை மருந்துல கிருமி சாகுமா? ரெண்டு பேருக்குமே இல்லாமப் போச்சு. விரலை இப்போ தொடலை, முழு அளவு மருந்து ஏத்திப் பாத்துரலாம். அம்மா, உங்க புண்ணு அவரோடதைவிட ஆழம். நீங்களும் இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

"ஏனுங்க டாக்டர், பெட்டு பக்கத்துப் பக்கத்துல கெடைக்குங்களா?" என்றார் தம்பிதுரை.

கிடைத்தது. சாயங்காலம் இரண்டு கம்பிகளில் இரண்டு பாட்டில்கள் தொங்கின. அவர் கழுத்தை நீட்டி அவளுடையதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்றதுல கம்மியா இருக்கறாப்ல தெரியுதே, அம்மணி."

அந்த மனுசன் மேல் வந்த ஆசையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பேசாமப் படுங்க. உங்க பாட்டில் உங்களுக்குத்தான். முழுசா எறங்கட்டும்."