வலது கைச் சரடு

விடிந்தால் பயணம். பக்கத்து வீட்டு அஜேஷையும் கூட்டிக்கொண்டு நார்வேக்குத் திரும்ப வேண்டிய பினு, அஜேஷின் அப்பா சதாசிவன் வீட்டுக்குப் போகாமலிருக்கக் காலையிலிருந்து சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பெட்டி கட்டவில்லை என்றான். தலைவலி என்றான். கடைசியில் அவன் அம்மா புஷ்பபாய் பொறுக்கமாட்டாமல் விரட்டினாள்.

"எலே, ஓமனா ரெண்டு தடவ கேட்டாச்சு. நீ போவல்லன்னா அவ இங்க வருவா. அது நமக்குக் கொறச்சலாக்கும்."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு ரப்பர் தோட்டமும் ஒரு மதிலும்தான். அந்தத் தூரம் நடக்க அவனுக்குக் கால் எழவில்லை. இருட்டுக் கடலுக்குள் மல்லாக்க விழுகிறவன்தான். ஆனால் ஓமனா மாமியின் முகத்துக்கு நேரே நிற்க ஒரு வருஷமாகத் தைரியம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

சதாசிவன்-ஓமனாவின் மூத்த மகன் சஜியும் பினுவும் தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். சேர்ந்துதான் கொச்சியில் ஸ்கூபா முக்குளிப்பு படித்தார்கள், சேர்ந்துதான் நார்வேயின் வடகடற்கரைக்குப் போனார்கள். காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய், உள்ளங்கை அகலச் சிப்பிகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு மேலே அனுப்புவது அங்கே வேலை. போன குளிர்காலத்தில் சஜி பெட்டியில் வந்தான். இப்போது அவன் தம்பி அஜேஷும் அதே படிப்பை முடித்து, அதே வேலைக்குப் புறப்பட்டு நிற்கிறான். ஒரு வருஷமாக அழுதும் பட்டினி கிடந்தும் தடுத்த ஓமனா, போன வாரம்தான் சம்மதித்தாள். என்ன நிபந்தனை போட்டுச் சம்மதித்தாள் என்பதை அஜேஷ் போனில் சொன்னதிலிருந்துதான் பினுவுக்குத் தூக்கம் போயிற்று.

வீட்டின் முன்னாலேயே, பாறசாலை ரோட்டைப் பார்த்த மாதிரி, சதாசிவனின் பஞ்சர் கடை. அவர் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பினுவைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார். மகன் போனபிறகு அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

"வா மக்கா," என்று ஓமனா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநாளைக்குப் பிறகு தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். "இவனுக்க கையைப் பாரு. கோயில்ல மந்திரம் ஜெபிச்சு வாங்கினதாக்கும்."

அஜேஷின் வலது மணிக்கட்டில் புதுக் கறுப்புச் சரடு. ஒன்றுக்கு மூன்று முடிச்சு.

"எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கான், கழத்தமாட்டேன்னு. தெனமும் வீடியோவில கூப்பிட்டு, முகத்துக்கு முன்னால கையைக் காட்டணும்னு சொல்லியாச்சு." பிறகு சுவரில் மாலை போட்டிருந்த சஜியின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரல் மாறியது. "இவன் எனக்க பேச்சைக் கேட்டானா? கட்டி விட்டதைக் கழத்தி எறிஞ்சான். வெறுங்கையோடதானே வந்து கெடந்தான்."

பினு தரையைப் பார்த்தான். அந்த நாள் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெற்குப் பக்கத்தில் சிதைக்கு மாமரம் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓமனா பெட்டிக்குள்ளிருந்து மகனின் வலது கையைத் தூக்கினாள். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, "கழத்திட்டான்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் துக்கத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது. விளக்கு வைக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத் திட்டிவிட்டுத்தான் திரி ஏற்றுவாள். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடுகிறாள் என்று ஊரே சொன்னது. பினுவும் அப்படித்தான் நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

அவன் அஜேஷைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"எலே, அங்க போனதும் இதைக் கழத்திரு."

"முடியாது அண்ணா. அண்ணன் கழத்தினதுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தோம் இல்லியா?"

"அவன் கழத்தல்லடா." சொல்லிவிட்டான். சொன்னபிறகு நிறுத்தவும் முடியவில்லை. கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு முழுவதையும் சொன்னான்.

அன்று நண்பகல். அந்த ஊரில் குளிர்காலத்து நண்பகல் என்றால் நம் ஊர் அந்திக்கருக்கல். படகிலிருந்து மல்லாக்கச் சாய்ந்து விழுந்தால், உதட்டைச் சுற்றி மூடாத இடத்தில் முதலில் ஊசி குத்தும். கொஞ்ச நேரத்தில் உதடு இருக்கிறதா என்பதே தெரியாது. உடம்பு மட்டும் நனையாது. டிரை சூட் என்று ஒன்று கழுத்திலிருந்து கால் நுனிவரை மூடியிருக்கும். கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை தோலோடு ஒட்டிப் பிடிக்கும். அதற்கு மேல் கையுறை. கையுறை கிழிந்தாலும் பட்டை பிடித்தால் கை மட்டும்தான் நனையும். பட்டை விட்டால் கடல் உள்ளே வரும். இறங்குமுன் ஒருவன் மணிக்கட்டை மற்றவன் விரலால் தடவிப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்றும் பினு தடவிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

சரடைக் கழற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தான் பினு. சஜியும் கழற்றிவிட்டதாகத்தான் சொல்லியிருந்தான். உண்மையில் அதை முழங்கைக்குக் கீழே வரை ஏற்றி, சூட்டுக்குள் மறைத்திருந்தான். அம்மா கட்டியது, எப்படிக் கழற்றுவான்?

கீழே ஆளுயரக் கடற்பாசி ஆடிக்கொண்டிருந்தது. அதை விலக்கி, பாறையிடுக்கில் கை விட்டபோது சஜியின் வலது கையுறை கிழிந்தது. கையை நீட்டி மடக்கி வேலை செய்ததில் சரடு வழுகி இறங்கி, பட்டைக்கு அடியில் வந்து கிடந்திருக்கிறது. அந்த நூல் கனத்துக்குத் திறந்த வழியில் தண்ணீர் ஏறியது. ஐஸாகிப் போகாத குறையாக இருக்கும் தண்ணீர் அது. கை மரத்தது, தோள் மரத்தது, உடம்பே விறைத்துப்போயிற்று. நெஞ்சில் இருக்கும் காற்றுப் பொத்தானை அமுக்கினால் மேலே மிதக்கலாம். அமுக்க விரல் வரவில்லை. பினு திரும்பிப் பார்த்தபோது சஜியின் விளக்கு கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. பாய்ந்து பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டான். படகில் நெஞ்சை அமுக்குவதற்காக மற்றவர்கள் சூட்டைக் கத்தரியால் வெட்டியபோது சூட்டின் கைப்பகுதியிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெட்டின ரப்பரோடு கறுப்புச் சரடும் அறுந்து படகின் அடியில் விழுந்தது. பினு அதைப் பார்த்தான். அவ்வளவுதான். சஜிக்கு மூச்சு வரவில்லை.

அஜேஷ் தன் மணிக்கட்டைத் தடவினான்.

"நான் அங்க கழத்திருவேன் அண்ணா. ஆனா தெனமும் அம்மாவுக்குக் கை காட்டணுமே. ஒரு நாள் வெறுங்கையைப் பாத்தா அவ அன்னைக்கே செத்துருவா."

"முங்கும்போ கழத்திட்டு, பேசும்போ கட்டிக்கோ."

"அண்ணனும் இப்பிடித்தானே ஒளிச்சான்?"

கள்ளம் சொல்லித்தான் ஒருவன் போனான். அதே கள்ளத்தை இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தான் வந்திருக்கிறோமே என்று பினுவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருவரும் உள்ளே போனார்கள். ஓமனா இலை போட்டு, சோறும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்திருந்தாள். பினு உட்காரவில்லை.

"மாமி, சஜி சரடைக் கழத்தல்ல."

ஓமனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "நீ என்ன பறையுத? நானாக்கும் கையைத் தூக்கிப் பாத்தேன்."

"படகில சூட்டை வெட்டினப்போ அதும் சேந்து அறுந்து போச்சு. நான் பாத்தேன். கடைசிவரை கையில கெடந்தது மாமி."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் பினுவுக்குத் தாங்கவில்லை. இங்கே நிறுத்திவிட்டால் போதுமே என்று மனசு கெஞ்சியது. பக்கத்தில் அஜேஷின் கறுப்புச் சரடு கண்ணில் பட்டது. நிறுத்த முடியாது.

"அது ரப்பருக்க அடியில போயிருச்சு. அது வழியாக்கும் வெள்ளம் கேறினது. கை மரத்துப்போச்சு. அதுனால அவனால மேல வர முடியல்ல. இவனும் கட்டிட்டு முங்கினா இவனுக்கும் அதுதான்."

ஓமனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானே நீ. உனக்கு எங்க சரடைக் கண்டா இளக்காரம்."

"மாமி, எனக்க வேதப்புஸ்தகத்தை அங்க திணிச்சாலும் வெள்ளம் கேறும்."

"ஒரு நூலு. ஒரு நூலுக்க இடைவெளியில கடலு கேறுமா?" அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க சொல்லுங்க. காலம் முழுக்க ரப்பரும் காத்தும் பாத்த ஆளுதானே. சொல்லுங்க, கேறுமா?"

சதாசிவன் எப்போது வந்து நிலைப்படியில் நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் அந்த டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் மனைவியைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவு ஆசை இருந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும். அஜேஷைப் பார்த்தார்.

"கேறும்," என்றார்.

கடைக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

ஓமனா அழவில்லை. படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு வருஷமாக அவளிடம் திட்டு வாங்கிய பையன் கண்ணாடிக்குள்ளிருந்து பாவம்போல் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சேலைத்தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"கேட்டிருக்கியே மக்கா," என்றாள் மெதுவாக. "எனக்க பேச்சைக் கேட்டுத்தானே போயிருக்கே. நான் உன்னைத் தெனமும் ஏசினேனே."

பினு பக்கத்தில் போய், கையுறை கிழிந்ததையும், குளிரையும், தான் திரும்பிப் பார்க்கத் தாமதித்ததையும் சொன்னான். சரடு மட்டும் காரணமில்லை என்றான். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. அடுக்களைக்குள் போனாள். ஏதாவது செய்துகொள்வாளோ என்று அஜேஷ் பின்னாலேயே ஓடினான். அவள் பிச்சாத்தியோடு திரும்பி வந்தாள். மீன் வெட்டுகிற சின்னக் கத்தி.

"கையைக் காட்டு."

அஜேஷ் நீட்டினான். முடிச்சு மூன்றும் இறுக்கமாக இருந்ததால் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். தோலில் படாமல் இருக்க அவள் ஒரு விரலைச் சரடுக்கு அடியில் நுழைத்தாள். விரல் நுழைந்த இடத்தில் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தாள். பிறகு அறுத்தாள்.

அறுந்த சரடைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அஜேஷ், போகட்டுமா வேண்டாமா என்று கேட்க வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"போ. அங்க போனா எனக்க பேச்சைக் கேக்காண்டாம். பினு சொல்லுகதைக் கேளு."

"சரி அம்மா."

"தெனமும் கூப்பிடணும். கையைக் காட்டணும்." அவள் அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, சரடின் சிவந்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "வெறுங்கை ஆக்கும் எனக்குப் பாக்கணும்."