இரண்டாவது பூச்சு

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அண்ணன், வேலையை விட்டுவிட்ட தையல்காரர். தம்பி, பேருந்து ஓட்டுநர். அண்ணனுக்கு மூச்சிரைப்பு, தம்பிக்கு முன்கோபம். இரண்டில் எது பெரிய வியாதி என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசிக்காமல் பதில் சொல்லுவார்கள்.

கூடத்தில் போட்டிருந்தது பழைய பலகைத் தரை. பலகைக்குப் பலகை சுண்டுவிரல் நுழைகிற இடுக்கு. குளிரும் தூசியும் அதன் வழியே ஏறிவந்து நேரே அண்ணனின் நெஞ்சில் குடியேறும். இடுக்கை அடைக்காமல் இருமல் அடங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே தம்பி நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தான். பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. அதை வாயால் காட்டத்தான் அவனுக்குத் தெரியாது.

முதல் இரண்டு நாள் முட்டி போட்டே கழிந்தது. இடுக்கில் கிடந்த காலங்காலமான அழுக்கைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தான். அண்ணன் தொலைத்த ஊசிகளே ஒரு கைப்பிடி தேறியது. அகலமான இடுக்கில் சணல் கயிற்றைத் திணித்து, அதன்மேல் மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மூன்றாம் நாள் முதல் பூச்சு வார்னிஷ் அடித்து முடித்தபோது தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

நான்காம் நாள் காலையில் பார்த்தால், அண்ணனின் அறை வாசலை ஒட்டி ஒரு பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக.

"பளபளன்னு இருந்துச்சு. கிட்டப் போய்ப் பார்க்கலாம்னு..." அண்ணன் இழுத்தார்.

தம்பிக்கு எங்கிருந்துதான் அப்படி வருமோ. "யாருக்காக இப்படி முட்டி தேய சாகறேன்? வயசாச்சே, கொஞ்சமாவது அறிவு வேணாம்? காஞ்சிடுச்சுன்னு நானா வந்து சொல்ற வரைக்கும் இந்தத் தரையில காலை வெச்சீங்க, அதோட உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

"வைக்க மாட்டேன்டா," என்றார் அண்ணன். இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பாதத்தைத் தேய்த்து எடுக்கவே ஒரு நாள் போனது. விடுப்பும் அதோடு தீர்ந்தது. ஐந்தாம் நாள், வேலைக்குப் போகும் முன்பே இரண்டாவது பூச்சை முடித்துவிட விடியலிலேயே எழுந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து இளவெயில் காய்ந்த அண்ணனை, "எந்திரிங்க, உள்ள போங்க, நேரமாச்சு" என்று விரட்டினான். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்த் தன் அறைக்குள் போனார். அங்கே தண்ணீர், ரொட்டி, கழிவறை எல்லாம் இருந்தன. வார்னிஷ் நெடி ஏறக் கூடாதென்று தம்பி அறைக்கதவைச் சாத்தச் சொன்னான். ஈரத்தில் தெருப்புழுதி ஒட்டக் கூடாதென்று கூடத்து ஜன்னலையும் அடைத்தான். அறை வாசலில் தொடங்கிப் பின்வாங்கிக்கொண்டே பூசி, தெருக்கதவு வழியாக வெளியேறிப் பூட்டினான். ஜன்னல் திண்டில் அண்ணனின் இன்ஹேலர் இருந்தது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

மதியம் திரும்பிக் கதவைத் திறந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தான். அதை நினைத்து நினைத்துப் பின்னால் தன்னையே நொந்துகொண்டான். ஆனால் அப்போது அதைத்தான் பார்த்தான். ஒரு கீறல், ஒரு தூசி இல்லை. மனசு நிறைந்துபோனது.

பிறகுதான் எதிரே திறந்து கிடந்த அறைக்கதவு கண்ணில் பட்டது. நிலையில் சாய்ந்தபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகியிருந்தது. மடியில் கைத்தடி. அதன் நுனியில் தையல் டேப்பைச் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார். ஜன்னல் திண்டில் இன்ஹேலர் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை வீசினாரோ, அவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறார். கதவிலிருந்து அந்தத் திண்டுக்கு நான்கு எட்டுகூட இருக்காது.

தம்பி செருப்போடு ஓடினான். காயாத வார்னிஷ் ஒவ்வொரு அடிக்கும் பிடித்து இழுத்தது. இன்ஹேலரை எடுத்து அண்ணனின் வாயில் வைத்து அழுத்தினான், மறுபடி அழுத்தினான். உடம்பு எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது.

"மிதிச்சிருக்கலாமேண்ணே," என்றான். "நான் கத்துவேன், அவ்வளவுதானேண்ணே. எப்பவும் கத்தறவன்தானே."

அண்ணனின் இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பொட்டு வார்னிஷாவது ஒட்டியிருக்காதா என்று விரலிடுக்கெல்லாம் தேடினான். எதுவும் ஒட்டியிருக்கவில்லை.