பிரேமினியின் ஒன்பதாவது வாரம்

என் தங்கை பிரேமினிக்கு மூத்திரம் அடங்காது. உணர்வு வந்த நிமிடமே உட்கார வேண்டும். இல்லையென்றால் சேலை நனைந்துவிடும். அக்கரப்பத்தனையில் நாங்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூஸ் கிடையாது. செடிகளுக்கு நடுவே, நின்ற நிரையிலேயே அவள் உட்காருவாள். செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டியிருக்கும் தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்து நான் மறைப்பாக விரித்துப் பிடிப்பேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. தண்ணீர் குடிப்பதை விட்டுப் பார்த்தாள், எரிச்சல்தான் கூடியது.

“என்னம்மா, அக்காவும் தங்கச்சியும் கூடாரம் போட்டுட்டீங்களா?” என்று கங்காணி செல்லசாமி மேலேயிருந்து கத்துவார். ஆண்கள் சிரிப்பார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் நாற்காலி நனைந்த பிறகு அவள் எந்த வீட்டுக்கும் போகவில்லை. “இப்புடி நாறிக்கிட்டு கெடக்குறதுக்கு செத்துரலாம்க்கா” என்பாள்.

எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை தோறும் பன்னிரண்டு வாரம் வரச் சொன்னார்கள். கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசியைச் செருகி, அரைமணி நேரம் சின்னதாகக் கரண்ட் கொடுப்பார்கள். பெருவிரல் துடிக்கும். அந்த நரம்பின் வழியாக மூத்திரப்பை அடங்கும் என்றார் டாக்டர்.

ஆறு வாரம் ஒன்றும் மாறவில்லை. பஸ்ஸில் துணியை மடித்து வைத்துக்கொண்டு, அதுவும் நனைந்து, அழுதபடி வந்தாள். இனிப் போகமாட்டேன் என்றாள். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். எட்டாவது வாரம் ஒரு மணி நேரம் தாங்கியது. ஒன்பதாவது வாரம் இரண்டு மணி நேரம்.

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்குப் படங்கில் கை வைத்தேன்.

“வேணாம்க்கா. கொழுந்து நிறுக்கிற வரைக்கும் இருந்து பாக்குறேன்.”

“யாரோடடி பந்தயம்?”

“செல்லசாமியோட.”

கொழுந்தை நிறுத்து முடித்ததும் என் கையைத் தட்டினாள். “நீ வராத. எல்லாரும் போற மாதிரி நானும் கீழ காட்டோரம் போயிட்டு வாறேன்.”

“போயிட்டு வாடி மகாராணி!” என்றேன்.

அவள் ஓடவில்லை. நடந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, கையை வீசிக்கொண்டு நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காட்டோரப் புதரில் குளவிக்கூடு இருந்தது. அவள் அலறியபோது நாங்கள் படங்குகளைப் போர்த்திக்கொண்டு ஓடினோம். நெருங்க முடியவில்லை. புகை போட்டு அவளைத் தூக்கி வர வெகுநேரம் ஆகிவிட்டது.

தோட்டத்து லொறியில் அவள் தலை என் மடியில் இருந்தது. முகம் வீங்கி, கண்கள் மூடிவிட்டன. உதடு அசைந்தது. குனிந்தேன்.

“சேல நனைஞ்சிருச்சாக்கா?”

தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.

“இல்லடி. காஞ்சிதான் இருக்கு.”

“பாத்தியா” என்றாள்.

லொறி பெரிய ரோட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.