பாதித் தண்ணீர்

மே பதினெட்டு, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு என் தம்பி ஃபெர்மீன் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கூலரின் காற்று நேராக முகத்தில் அடிக்கும் நாற்காலியில் ஃபெர்மீன். அவனுக்கு எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரமீரோ. ஃபெர்மீனின் மகளுக்கு ஞானத் தகப்பன், எங்கள் வேனுக்குக் காப்பீடு எழுதித் தந்தவரும் அவரே. அடுப்புக்குப் பக்கத்தில், உட்காராமல், தம்பியின் மனைவி டெல்ஃபினா. அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் மடித்த துணிகள் இருந்தன. ஜன்னலோரம், வெளிச்சத்துக்காக, சொகோரோ ஆகிய நான். என் முன்னால் கோடு போட்ட தாள், இரண்டு பேனா, பதில் எழுத வேண்டிய ஒரு கடிதம்.

குடும்பத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. ஆஹோ சுரங்க ஊர்ப் பள்ளியில் எட்டு வருஷம் படித்தவள். தேதி முதலில், நடந்தது நடந்த வரிசையில், கேட்ட கேள்விக்குப் பதில் என்று அங்கே கற்றதைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்.

வந்த கடிதம் வடக்கே டுலூத்திலிருந்து. எழுதியவள் டாக்னி நீஸ்டன். அவளுடைய அப்பா ஹால்வர் நீஸ்டன், அறுபத்தெட்டு வயது, ஏப்ரல் இருபத்தேழாம் தேதி ஃபெர்மீனின் வேனில் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவர். அன்றைக்கு நடுப்பகலில் மலைப்பாதையில் நிழல் தராத ஒரு பச்சைத்தண்டு மரத்தடியில் வெயிலில் சுருண்டு இறந்துபோனார்.

டாக்னி மூன்று கேள்விகள் கேட்டிருந்தாள், எண் போட்டு. ஒன்று, அப்பா கடைசி நாளில் எங்கெங்கே போனார், என்னென்ன பார்த்தார்? இரண்டு, என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? மூன்றாவதில் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. "அப்பாவின் தண்ணீர் பாட்டிலை எனக்கு அனுப்பினார்கள். கண்டெடுத்தபோது முக்கால்வாசி நிறைந்திருந்ததாகக் கூட வந்த தாளில் எழுதியிருக்கிறது. வெயிலில் விழுந்தவர் கையில் அவ்வளவு தண்ணீர் எப்படி மிஞ்சும்? அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. அவர் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தாரா? தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் அதைச் சொல்லுங்கள்."

நான் வாசித்து முடித்ததும் ரமீரோதான் முதலில் வாயைத் திறந்தார். பதிலே போடக் கூடாது என்பது அவர் கட்சி. விசாரணை இன்னும் மூடவில்லை, பூங்காத் துறை ஃபெர்மீனின் உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறது, இந்த நேரத்தில் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று ஊர் ஊராகப் போவது நல்லதில்லை என்றார். வேண்டுமானால் ஒரு மலர்வளையம் அனுப்பலாம், அதில் பெயர் இருந்தால் போதும் என்றார்.

"அவ பூ கேக்கல, கொம்பாத்ரே," என்றான் ஃபெர்மீன். பிள்ளையின் ஞானத் தகப்பனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதல் இரண்டு கேள்விக்காவது எழுதலாம் என்று நான் சொன்னேன். ரமீரோ கையை விரித்தார். பார்த்த இடங்களைச் சொல்வதில் யாருக்கு என்ன கெடுதல்.

எனவே மணிவாரியாக எழுதத் தொடங்கினேன். ஃபெர்மீன் சொல்லச் சொல்ல நான் குறித்தேன்.

காலை ஆறு. விடுதி வாசல். மனிதர் அதற்கு முன்பே வந்து நடைபாதையில் நின்றிருந்தார், சிவப்புத் தொப்பி, புதுச் செருப்பு. ஆறேகால், நகரத்துக்கு மேற்கே உள்ள குன்று. அங்கிருந்து எங்கள் டூசான் நகரம் முழுவதும் தெரியும். சாண்டா குரூஸ் ஆறு எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். ஃபெர்மீன் மணலைக் காட்டினான். வெயில் நூறு டிகிரியைத் தொடும் முதல் நாளில் இந்த ஆற்றில் பனிக்கட்டி உடைந்தது என்று ஊரே சொல்லிக்கொள்ளும். அநேகமாக இன்றைக்கே உடையும் என்று சொன்னான். நிஜமாகவே பனிக்கட்டி உடைகிற ஏரிக்கரையிலிருந்து வந்தவர் அல்லவா, அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம். அந்த ஏரியில் நாற்பது வருஷம் இழுவைப் படகு ஓட்டியவர்.

ஏழு மணி, தெற்குத் தெருவில் காலை உணவு. உலர்ந்த மாட்டிறைச்சி போட்டுக் கிளறிய முட்டை, கைக்குட்டை மாதிரி மெல்லிய பெரிய கோதுமை ரொட்டி. அங்கேதான் மகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"என்ன சொன்னார், அப்படியே சொல்லு," என்றேன்.

ஃபெர்மீன் யோசித்துச் சொன்னான். "'ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணுவா. சாப்டியான்னு கேப்பா. மீன் சாப்டேன்னு பொய் சொல்லுவேன். நாளைக்குப் பொய் வேண்டாம், மூணு ரொட்டி தின்னேன்னு சொல்லப் போறேன்'னார்."

டெல்ஃபினா அடுப்பை அணைத்தாள். அதில் எதுவும் வேகவில்லை.

எட்டு மணி, சான் சேவியர் கோயில். வெள்ளைச் சுவர்களைச் சுற்றிச் சுற்றி நடந்தார். உள்ளே படுத்த நிலையில் இருக்கும் புனிதரின் மரச்சிலையின் தலையைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மனசில் கள்ளம் இல்லாதவனுக்குத்தான் தூக்க வரும் என்பார்கள். வரிசையில் நின்று அவரும் தூக்கினார். "இவரு என் பொண்டாட்டியைவிட லேசா இருக்காரே" என்றாராம், பின்னால் நின்ற கிழவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அப்புறம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஃபெர்மீன் கூப்பிடவும் இல்லை.

வெளியே இந்த மண்ணின் பழங்குடிகளான ஓதாம் பெண்கள் பந்தல் போட்டுப் பொரித்த ரொட்டி விற்றார்கள். தேன் ஊற்றி ஒன்று வாங்கினார், சட்டையெல்லாம் தேன்.

"அப்புறம் கனியன். அங்க போறப்ப ஒம்பதே முக்கா," என்றான் ஃபெர்மீன். 

ஒன்பது மணிக்குள் ஏறியிருக்க வேண்டிய மலைப் பள்ளத்தாக்குப் பாதை அது. இன்றைக்கு வேண்டாம், நேரே பாலைவன அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம், தேன்சிட்டுகள் கையில் வந்து உட்காரும் என்று ஃபெர்மீன் சொல்லிப் பார்த்தானாம். மனிதர் கேட்கவில்லை. இந்த ஊரில் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத்தான் வந்தேன் என்றாராம். பாதையின் முடிவில் பாறைக்குளங்கள் உண்டு. ஃபெர்மீனுக்கு இடது முழங்கால் சரியில்லை. எல்லோரையும் போல அவரையும் தனியே அனுப்பிவிட்டு வேனில் காத்திருந்தான். அனுப்புமுன் எல்லோருக்கும் கொடுக்கிற, நடக்கும் விதி எழுதிய அட்டையைக் கொடுத்தான். ஒரு மணிவரைக்கும் ஆள் வரவில்லை என்றதும்தான் மீட்புப் படைக்குப் போன் செய்தான்.

இதுவரை எங்களுக்குத் தெரிந்த கதை. போலீஸுக்கும் இதைத்தான் சொல்லியிருந்தான். "போதும், இதோட நிறுத்து," என்று ரமீரோ நாற்காலியைத் தள்ளினார்.

ஃபெர்மீன் எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த அட்டையைப் படிச்சார், சொகோ. பாதித் தண்ணி தீந்ததும் திரும்பிடுன்னு இருக்கில்ல. ரெண்டு தடவ படிச்சார். அப்புறம் சொன்னார், 'அப்போ குளத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நான் குடிக்கவே மாட்டேன். குடிச்சாத்தானே பாதி ஆகும்? அங்க போய்க் கால நீட்டி உக்காந்து மொத்தத்தையும் குடிக்கறேன். நீ எப்படி என்னைத் திருப்புவே?'"

"நீ என்ன சொன்னே?"

"சிரிச்சேன். கெட்டிக்காரர்தான்னு சொன்னேன். தோள்ல தட்டி அனுப்பினேன். வெளையாட்டுக்குச் சொல்றார்னு நெனச்சேன். கையில தண்ணிய வச்சுக்கிட்டு யாரு குடிக்காம நடப்பா?" என்றான்.

எங்கள் ஊரில் யாரும் அப்படி நடக்க மாட்டார்கள். அதுதான் விஷயம். அந்த அட்டையை எழுதியவள் நான். அந்த விதி எங்கள் அப்பாவுடையது. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாடு ஓட்டித் திரிந்த மனிதர். அவர் சொன்னது இரண்டு பகுதி. நின்ற இடத்திலெல்லாம் குடி, பாதி ஆனதும் திரும்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஃபெர்மீன் வேன் வாங்கியபோது, அட்டையில் இடம் சிறியது என்று முதல் பகுதியை நான் விட்டுவிட்டேன். குடி என்று எழுதுவது மூச்சுவிடு என்று எழுதுவது போலத் தோன்றியது. இங்கே குழந்தை அழுதால் முதலில் தண்ணீர், விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர், சண்டை போட வந்தவனுக்கும் தண்ணீர். உலகத்தில் தண்ணீரைச் சேமித்து வைக்க நினைக்கிற ஆளும் ஒருவர் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏரியில் வாழ்ந்தவர்; தாகம் வந்து சொல்லும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். இங்கே அது சொல்லிக்கொண்டு வருவதில்லை.

நான் இதைச் சொன்னேன். 

ரமீரோ குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. இருபது வருஷமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டதில் நிற்கிறவர். இதை எழுதினால் உரிமம் திரும்பக் கிடைக்காது, காப்பீடும் கைகழுவிவிடும், ஐம்பத்தாறு வயதில் ஃபெர்மீன் வேறு என்ன செய்வான் என்று கேட்டார். "அவர் பேசினத நீ ஒருத்தன்தான் கேட்ட. நீ சொல்லலேன்னா அது யாருக்கும் தெரியாது. இப்ப வந்து யாரும் உன்னைக் கேக்கப் போறதில்ல."

அப்போதுதான் டெல்ஃபினா பேசினாள்.

"கேட்டிருக்கா. மூணாவது கேள்வி அதான்." துணிகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு வாரமா இந்த மனுஷன் என்கிட்டக்கூட சொல்லாம சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கார். அந்தப் பொண்ணு அங்க, அப்பன் தன்னை வேண்டாம்னு விட்டுட்டுப் போய்ட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அவன் மூணு ரொட்டி தின்ன கதைய அவளுக்குச் சொல்ல இருந்தவன். எழுதுங்க. வேன் போனா போகட்டும்."

ஃபெர்மீன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் முடிவு எடுத்தது.

ரமீரோ தொப்பியை எடுத்துக்கொண்டார். "யார் யார் இருந்தாங்கன்னு நீ எழுதுவே, எனக்குத் தெரியும் உன் பழக்கம். என் பேரு வேண்டாம், சொகோரோ." வாசல்வரை போனவர் திரும்பி வந்து ஃபெர்மீனின் தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்துவிட்டுப் போனார். கடிதத்தில் அவர் பெயர் இல்லை.

மூன்றாவது பதிலை நான்கு தடவை எழுதினேன். முதல் தடவை வருத்தம் அதிகமாகிவிட்டது. அவள் எங்களைத் தேற்ற வேண்டியிருக்கும் போல இருந்தது. கடைசியில் இப்படி வந்தது. "உங்கள் அப்பா வேண்டுமென்று இறக்கவில்லை. குளத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தண்ணீரைக் குடிக்காமல் சேமித்தார். பாதி தீர்ந்தால் திரும்ப வேண்டும் என்று எங்கள் அட்டை சொன்னது. குடித்துக்கொண்டே போக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதை எழுதாமல் விட்டவள் நான். அவர் தம் திட்டத்தை என் தம்பியிடம் சொன்னார். அவன் அதை விளையாட்டு என்று நினைத்து அனுப்பிவிட்டான். அருங்காட்சியகத்தையும் மலைக்கணவாயில் சூரியன் மறைவதையும் அவர் அன்றே பார்க்க இருந்தார். மறுநாள் காலை காட்சிக்கு வைத்திருக்கும் பழைய விமானங்களைப் பார்க்க வேனில் இடமும் சொல்லிவைத்திருந்தார். இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்."

அவர் சொன்ன வார்த்தைகளை அதன் கீழே அப்படியே எழுதினேன். ஃபெர்மீன் கையெழுத்துப் போட்டான், அடுத்து நான். டெல்ஃபினா பேனாவைக் கேட்டு வாங்கித் தன் பெயரையும் போட்டாள். அட்டைகள் எங்கே என்று கேட்டேன். வேனுக்குள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகச் சொன்னான். ஒன்றை எடுத்து வந்து உறைக்குள் வைத்தேன். அவள் பார்க்கட்டும்.

ஃபெர்மீனே உறையை ஒட்டினான். விளிம்பைக் கட்டைவிரலால் மூன்று நான்கு தடவை அழுத்தினான். தபால்காரர் வெண்டல் இரண்டு மணிக்கு வருவார். வாசல் தபால் பெட்டியில் போட்டு, எடுத்துப் போகச் சொல்லும் கொடியைத் தூக்கிவிட்டு உள்ளே வந்துவிடலாம்தான், ஆனால் ஃபெர்மீன் வெயிலில் அங்கேயே நின்றான், நாங்கள் இரண்டு பேரும் கதவருகில் நின்றோம்.

வெண்டல் வண்டியை நிறுத்தினார். அடுத்த வாரம் தன் மைத்துனி வருகிறாள், வேனில் இடம் இருக்குமா என்று கேட்டார்.

"வேன் ஓடல, வெண்டல்," என்றான் ஃபெர்மீன். கடிதத்தை அவர் கையில் கொடுத்தான். அவர் முகவரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வடக்கே போகிற தட்டில் அதை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.