மூன்றாம் அறிவித்தல்

மூன்று முறை கொல்லப்பட்ட வில்லன் நான்காம் முறையாக, இன்னொருவனின் முகத்தை அணிந்துகொண்டு தொலைக்காட்சியில் தோன்றியபோது, எடித்தின் வீட்டுச் சிமெந்துத் தரையில் குந்தியிருந்த பதினொரு பெண்களும் ஒரே குரலில் அவனைச் சபித்தார்கள்.

"அறுவான், திரும்பவும் வந்திட்டான்!" என்றாள் பக்கத்து வீட்டுத் திரேசம்மா. "தங்கச்சிக்காரி விடமாட்டாள், இருந்து பாருங்கோ."

தொடரில் வருபவர்கள் இரண்டு சகோதரிகள். மூத்தவளைக் கைவிட்ட கணவன் ஒரு பேய். ஊர் ஊராகப் புதுமுகம் பூண்டு புதுப்பெண் தேடுகிறவன். அவன் நெருங்கினால் இளையவளின் உள்ளங்கை நெருப்பாய்ச் சுடும். போன வாரம் அக்காவுக்காக அவள் தீக்குள்ளேயே இறங்கினாள். அரிப்புக் கிராமத்தின் அந்த ஒழுங்கையில் இருந்த வீடுகளெல்லாம் அதற்காக அழுதன. பிரான்சிஸ்கா மட்டும் அழவில்லை. அவள் தன் அக்கா எடித்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டைக்குள் நிமிர மறுக்கும் இடது முழங்கையை மடியில் கிடத்தியபடி, எல்லாரையும்விட உரக்கத் திட்டிக்கொண்டிருந்தவள் எடித்தான்.

அந்த முழங்கையை முறித்தவனின் பெயர் கிறகரி. கடந்த இரண்டு ஞாயிறுகளிலும் அந்தப் பெயர் கோயிலில் வாசிக்கப்பட்டது. இன்ன ஊர் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று மூன்று ஞாயிறுகள் பூசை முடிவில் அறிவிப்பது வழக்கம். மாப்பிள்ளை அரிப்பு கிறகரி. பெண் தாழ்வுபாடு பெற்றிசியா. ஆறு ஆண்டுகளுக்கு முன், போரால் இடம்பெயர்ந்து வெள்ளாங்குளத்தில் இருந்தபோது, ஓலைக் கொட்டிலாய் நின்ற சிற்றாலயத்தில் இதே கிறகரி எடித்தின் கழுத்தில் தாலி கட்டினான். அந்தக் கோயிலின் பதிவேடு அடுத்த இடப்பெயர்வில் தொலைந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடித்தை முள்வேலி முகாமில் விட்டுவிட்டு அவனும் தொலைந்தான். இப்போதைய குருவானவர் தை மாதம் வந்தவர், எதுவும் அறியாதவர். அறிந்ததெல்லாம் ஊர். மிஞ்சிய ஒரே பதிவேடு ஊரின் நாக்கு. அந்த நாக்கோ இரண்டு ஞாயிறும் நற்கருணை வாங்கிக்கொண்டு மௌனமாய் வீடு திரும்பியது.

தொடர் முடிந்து பெண்கள் எழும்பியபோது பிரான்சிஸ்கா வாசலை மறித்து நின்றாள்.

"மாமி, ரீவிக்காரனை இவ்வளவு திட்டுறியள். கோயில்ல வாசிச்ச பேருக்கு ஏன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?"

திரேசம்மா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தாள். "கிறகரியின்ர தமையன்ர வள்ளத்திலதான் பிள்ளை என்ர மனிசன் கடல்தொழிலுக்குப் போறார். ரீவிக்காரன்ர வள்ளத்திலயோ போறார்?"

பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே விரைந்து கலைந்தார்கள். திரையில் எரியும் பெண்ணுக்குக் கண்ணீர் வார்க்கும் கருணை, மருமகளாய் வந்து தெருமுனையில் எரியப்போகிறவளுக்கு ஒரு சொல் வார்க்கக் கூசுகிறதே என்று பிரான்சிஸ்கா நினைத்தாள். இருக்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போனாள், திரும்பினாள், விரித்த பாயைச் சுருட்டினாள், மறுபடி விரித்தாள்.

"நாளையிண்டைக்கு ஞாயிறு, மூண்டாம் அறிவித்தல். நான் எழும்பிச் சொல்லப்போறன், அக்கா."

"சொல்லு," என்றாள் எடித், மீனுக்கு உப்புப் பிரட்டியபடி. "சொன்னா அவன் ஆர்? என்ர புருசன். ஊரறியப் புருசன். பங்குச் சாமி ரெண்டு பேரையும் கூப்பிட்டு, 'மன்னிச்சு ஒற்றுமையா இருங்கோ' எண்டு புத்தி சொல்லுவார். அவன் பெட்டியோட இஞ்ச வந்து படுப்பான். நீ நடுவில வந்து படுப்பியோ?"

"படுப்பன். மீன் வெட்டுற கத்தியோட."

எடித்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது போயிற்று. தன் சினத்துக்கு அக்காவின் உடம்பை விறகாக்கப் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் பிரான்சிஸ்காவுக்கு உறைத்தது. பேசினால் அக்கா அகப்படுவாள். பேசாவிட்டால் அந்தப் பெண் அகப்படுவாள். பொய் சொன்னவனுக்கு வழி இரண்டும் திறந்திருக்க, மெய் அறிந்தவளுக்கு இரண்டும் அடைபட்டிருக்கும் இது என்ன நீதி?

பாயை இன்னொரு தடவை உதறிவிட்டு, வேறேதோ சொல்வதுபோல், "அந்தப் பிள்ளை தனிப்பிள்ளையாம் அக்கா. அக்கா தங்கச்சி ஒருத்தரும் இல்லையாம்," என்றாள்.

எடித்தின் கை உப்புக்குள் நின்றது.

சனிக்கிழமை விடிந்ததும் எடித் பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். "வெளிக்கிடு. சாமியிட்டை இல்லை. அவளிட்டை."

பஸ் மன்னார்ப் பாலத்தை நோக்கி ஓடியது. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எடித் இறங்கித் திரும்பிவிடுவாள் என்று பிரான்சிஸ்காவுக்குத் தோன்றிக்கொண்டேயிருந்தது. பட்டினத்தில் இறங்கித் தாழ்வுபாட்டுக்கு ஓட்டோ பிடித்தார்கள். கழுதைகள் வழிமறித்து நிற்க, ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தான். "இறங்கி நடப்பமோ?" என்று எடித் இரண்டு முறை கேட்டாள்.

கதவைத் திறந்த பெற்றிசியாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். தலையில் துவாய், முகத்தில் மஞ்சள். "அரிப்பிலயிருந்து வாறம்," என்றாள் பிரான்சிஸ்கா.

"மாப்பிள்ளையின்ர ஊராக்களோ? வாங்கோ, வாங்கோ. அம்மா குளிக்கிறா." இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டாள். உள்ளே அதே தொடர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. "இதைப் பாக்கிறனீங்களோ, அக்கா? உவன்ர புதுமுகம் நல்ல வடிவு, என்ன? பேயெண்டு ஆர் சொல்லுவினம்!"

தண்ணீர்க் குவளையை நீட்டினாள். எடித் அறியாமல் இடது கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. குவளை இருவருக்கும் நடுவே தொங்கியது. பெற்றிசியா அந்த முழங்கையைப் பார்த்தாள்.

"விழுந்திட்டீங்களோ?"

"இல்லை." நான்காண்டுகளாய் வெளியார் முன் நாவில் வைக்காத சொல்லை நோக்கி எடித் போவதைப் பிரான்சிஸ்கா கண்டாள். இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தாள். ஓடவில்லை, அக்காவின் கதிரையைத் தன் கதிரையோடு ஒட்டினாள்.

"நான் கிறகரியின்ர பெண்சாதி, பிள்ளை. வெள்ளாங்குளத்தில தாலி கட்டினவன். இதை நாளைக்குச் சாமிக்குச் சொன்னா அவன் எனக்கு. சொல்லாட்டி உனக்கு. நீ வேண்டாமெண்டா ஒருத்தருக்குமில்லை. அதுதான் உன்னட்டை வந்தனாங்கள்."

பெற்றிசியாவின் முகத்தில் மஞ்சள் உலர்ந்து வெடித்திருந்தது. அவள் அழவில்லை, பொய் என்று கத்தவுமில்லை. கிணற்றடியிலிருந்து தாயின் குரல் வந்தது: "ஆர் பிள்ளை வந்திருக்கினம்?"

அவள் எடித்தைப் பார்த்தாள். பிரான்சிஸ்காவைப் பார்த்தாள்.

"ஒருத்தருமில்லை அம்மா. நீங்கள் ஆறுதலாக் குளியுங்கோ."

பிறகு கிணற்றடிப் பக்கக் கதவை உட்பக்கமாய்த் தாழிட்டாள். சுவரோரம் கிடந்த மூன்றாவது கதிரையை இழுத்து வந்தாள்; கடல்மணல் படிந்த தரையில் அதன் கால்கள் அவர்கள் இருவரையும் நோக்கி இரண்டு கோடுகளைக் கீறின.